அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லை, விசா முடியப் போகிறது

கேள்வி: நான் கோவைக்காரன். ஜெர்மனியில் நான்கு ஆண்டுகளாக மென்பொருள் வேலை. என் புளூ கார்டு (வேலை பார்த்துத் தங்குவதற்கான அனுமதி அட்டை) அடுத்த மாதம் 18-ஆம் தேதியோடு முடிகிறது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் மூன்று மாதமாக அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லை. மெயில் போட்டால் தானியங்கிப் பதில்தான் வருகிறது. புது அட்டை இல்லாவிட்டால் வேலையை நிறுத்தி வைப்போம் என்கிறது ஹெச்.ஆர். ஊரில் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன், போயாக வேண்டும். மனைவியும் மகளும் இங்கே என்னோடு இருக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: அப்பாயின்ட்மென்ட் வேறு, விண்ணப்பம் வேறு. மூன்று மாதமாக நீங்கள் தேடுவது அப்பாயின்ட்மென்ட்டை. சட்டம் உங்களிடம் கேட்பது விண்ணப்பத்தை. ஜெர்மன் குடியிருப்புச் சட்டத்தின் 81-ஆம் பிரிவு, 4-ஆம் உட்பிரிவின்படி, அனுமதி முடிவதற்குள் நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டால், அலுவலகம் முடிவு சொல்லும் வரை பழைய அனுமதியே செல்லும். வேலை பார்க்கும் உரிமையும் கூடவே தொடரும். 18-ஆம் தேதியைத் தாண்டி மட்டும் விண்ணப்பித்துவிடாதீர்கள். அப்புறம் தயவு காட்டுவதும் காட்டாததும் அதிகாரியின் கையில் போய்விடும்.

எனவே இந்த வாரமே ஜெர்மன் மொழியில் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். 'என் அனுமதியை நீட்டிக்க விண்ணப்பிக்கிறேன், 81-ஆம் பிரிவின்படி இடைக்காலச் சான்றிதழும் தாருங்கள்' என்று தெளிவாக இருக்கட்டும். பாஸ்போர்ட், அட்டையின் இரு பக்கம், வேலை ஒப்பந்தம், கடைசி மூன்று சம்பளச் சீட்டு, மருத்துவக் காப்பீட்டுச் சான்று ஆகியவற்றின் நகல்களை இணையுங்கள். மனைவிக்கும் மகளுக்கும் தனித்தனி விண்ணப்பம் வேண்டும்; உங்களுடையது அவர்களைக் காப்பாற்றாது.

கடிதத்தை உறைக்குள் வைப்பதை ஒரு நண்பர் கண்ணால் பார்க்கட்டும். இருவருமாகப் போய் அலுவலகத்தின் தபால் பெட்டியில் போடுங்கள். நாள், நேரம் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். இது அதிகப்படியாகத் தோன்றலாம். ஆனால் நாளைக்கு 'எதுவும் வரவில்லை' என்று அலுவலகம் சொன்னால் நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான். மெயிலும் அனுப்புங்கள், அதை மட்டும் நம்பாதீர்கள்.

நான் சொன்ன இடைக்காலச் சான்றிதழை இங்கே 'ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங்' என்பார்கள். கையில் வாங்கியதும் கட்டங்கள் உள்ள பக்கத்தைப் பாருங்கள். 'குடியிருப்பு அனுமதி தொடர்வதாகக் கருதப்படுகிறது' என்ற கட்டத்தில் குறி இருக்க வேண்டும். 'தங்குவது அனுமதிக்கப்பட்டதாகக் கருதப்படுகிறது' என்ற கட்டத்தில் குறி விழுந்திருந்தால், ஊருக்குப் போய்விட்டு அதை வைத்துத் திரும்ப நுழைய முடியாது. கவுன்டரை விட்டு நகரும் முன்பே திருத்தச் சொல்லுங்கள்.

ஹெச்.ஆர். மேல் கோபப்பட வேண்டாம். வெளிநாட்டு ஊழியரின் அனுமதி நகலை வைத்திருப்பது சட்டப்படி அவர்கள் கடமை. சான்றிதழ் வரும் வரை விண்ணப்ப நகலையும், கொடுத்ததற்கான ஆதாரத்தையும், 81-ஆம் பிரிவின் வாசகத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

அலுவலகம் அப்போதும் அசையாவிட்டால்? போதிய காரணமில்லாமல் மூன்று மாதம் முடிவு சொல்லவில்லை என்றால் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். நிர்வாக நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. முதல் கட்டத்தில் வக்கீல் கட்டாயமில்லை. கட்டணத்தை முன்பணமாகக் கட்ட வேண்டும்; ஆனால் நியாயமாக எதிர்பார்த்த காலத்துக்குள் பதில் வராததால்தான் வழக்குப் போட்டீர்கள் என்றால் செலவு அலுவலகத்தின் தலையில்தான். நெடுநாள் ஆள் பற்றாக்குறையைப் பொதுவாக நீதிமன்றங்கள் சாக்காக ஏற்பதில்லை. 'ஆபீஸைப் பகைத்துக்கொண்டால் விசாவே போய்விடுமோ' என்று நம்மவர்கள் பயப்படுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். போகாது. இந்த ஊரில் அரசு மேல் வழக்குப் போடுவது சாதாரண விஷயம்.

அம்மாவின் ஆபரேஷனுக்கு நாள் குறிக்கவில்லை என்றால், விண்ணப்பத்தைக் கொடுத்த கையோடு கிளம்பி 18-ஆம் தேதிக்குள் திரும்பிவிடுங்கள். செல்லுபடியாகும் அட்டை கையில் இருக்கிறது, யாரும் கேள்வி கேட்க முடியாது. அதற்குப் பிறகுதான் ஆபரேஷன் என்றால், சான்றிதழ் இல்லாமல் விமானம் ஏறாதீர்கள். மருத்துவமனைக் கடிதத்தை மொழிபெயர்த்து இணைத்து, அவசரம் என்று எழுதிக் கேளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. அதே நீதிமன்றத்தில், அதே நடைமுறைச் சட்டத்தின் 123-ஆம் பிரிவின்படி அவசர உத்தரவு கேட்கலாம்.