எடுப்பதா, பிடிப்பதா? 'டேக்' பற்றிக் கேள்வி பதில்

திருநெல்வேலிப் பக்கத்தில் முப்பது வருடம் ஆங்கிலப் பாடம் நடத்தியவன் நான். இந்த முறை 'டேக்' என்கிற ஒரே வினைச்சொல்லைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்றிருந்தேன். வந்த சீட்டுகளும் என் பதில்களும் கீழே.

மேலப்பாளையம், பிளஸ் டூ மாணவி: சார், 'ஜவுளி எடுக்கப் போனோம்' என்பதை 'வி வென்ட் டு டேக் க்ளோத்ஸ்' என்று எழுதினேன். டீச்சர் அடித்துவிட்டார்கள். ஏன்?

அடித்தது சரிதான்மா. அரிசி, பருப்பு வாங்குகிற நாம் துணியை மட்டும் 'எடுப்போம்'. கல்யாணத்துக்குப் பட்டு எடுப்போம், தீபாவளிக்குப் புதுசு எடுப்போம். ஆங்கிலத்தில் கடைக்குப் போய் 'டேக்' செய்தால் காசு கொடுத்ததாகவே வராது. பல வருடம் முன்பு ஒரு கட்டுரை நோட்டில் 'மை ஃபாதர் டுக் ஃபைவ் சாரீஸ் ஃப்ரம் எ ஷாப்' என்று ஒரு பையன் எழுதியிருந்தான். ரத வீதிக் கடையில் எண்ணிப் பணம் கொடுத்து வாங்கிய மனுஷனைப் பிள்ளையே திருடனாக்கிவிட்டானே என்று எனக்கு வருத்தமாகப் போய்விட்டது. 'பாட்' என்று திருத்திக் கொடுத்தேன்.

பசி எடுப்பது, வாந்தி எடுப்பது, காவடி எடுப்பது, பாம்பு படம் எடுப்பது எதற்கும் 'டேக்' வராது. லீவு, போட்டோ, ஓய்வு மூன்றுக்கும் வரும். அதனால் 'எடு' வந்த இடத்தில் எல்லாம் 'டேக்' போடாதீர்கள்.

பாளையங்கோட்டை, தையல்காரர்: அண்ணாச்சி, 'டேக் இன்' என்றால் ஏமாற்றுவது என்று பையன் பாடத்தில் இருக்கு. வெளிநாட்டில் இருக்கிற மருமகள் 'ப்ளவுஸை டேக் இன் பண்ணணும்' என்கிறாள். எது சரி?

இரண்டும் சரி. வீடில்லாத ஒருவருக்கு அடைக்கலம் கொடுப்பதும் 'டேக் இன்'தான். ஆனால் உங்கள் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. ப்ளவுஸ் தொளதொளவென்று இருந்தால் உங்களிடம் என்ன சொல்கிறார்கள்? 'ரெண்டு பக்கமும் அரை இஞ்ச் பிடிச்சுக் குடுங்க' என்கிறார்கள். அதுதான் 'டேக் இன்'. பிரித்து விடுவது 'லெட் அவுட்'.

'டேக்' ஆங்கிலத்தின் பழைய சொத்து இல்லை. ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் தாண்டி வந்து இங்கிலாந்தில் குடியேறிய வைக்கிங்குகள் கொண்டுவந்த 'டாகா' என்ற சொல்லின் வாரிசு அது. தொடுவது, பற்றுவது என்பதுதான் 'டாகா'வின் பொருள். அதற்கு முன் அங்கே 'நிமன்' என்ற சொல் புழங்கியது. ஜெர்மன்காரர்களின் 'நேமன்' அதற்கு உறவு. வந்த சொல் இருந்த சொல்லைத் துரத்திவிட்டது. துரத்தினாலும் ஒரு பிள்ளை தங்கிவிட்டது: கால் மரத்துப் போனால் 'நம்ப்' என்கிறார்களே, அது 'நிமன்' வழி வந்தது. பிடிக்கப்பட்டது என்று அர்த்தம். நாம் 'குறுக்குப் பிடிச்சுக்கிட்டு' என்று சொல்வது போலத்தான்.

ஆகவே 'டேக்' புரியாத இடத்தில் 'எடு'வை விட்டுவிட்டு, 'பிடி'யை வைத்துப் பாருங்கள். ஜங்ஷனில் பஸ் பிடிக்கிறோம், 'டேக் எ பஸ்'. அம்பாசமுத்திரம் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும், 'இட் டேக்ஸ்'. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பிடித்துப்போனால் 'டேக் டு'. எல்லா இடத்திலும் பொருந்தாது. ஆனால் 'எடு' கைவிடும் பல இடங்களில் 'பிடி' கை கொடுக்கும்.

தென்காசி, சங்கரன்கோவில், நாங்குநேரி: மொத்தம் எத்தனை அர்த்தம்?

மூன்று சீட்டிலும் இதே கேள்வி. எண்ணிக்கையை மனப்பாடம் செய்து என்ன ஆகப்போகிறது? ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் 'ரன்' என்ற வினைக்கு மட்டும் 645 பொருள் பிரித்தார்கள். அதைத் தெரிந்துகொண்டதால் யாருக்கும் ஆங்கிலம் வந்துவிடவில்லை.

முக்கூடல்: 'ஐ டிட் நாட் டுக்' சரியா?

இல்லை. 'டிட்' வந்த பிறகு 'டேக்'தான்.

களக்காடு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்: பரீட்சை எழுதுவதை 'ரைட் அன் எக்ஸாம்' என்பது தமிழை அப்படியே பெயர்த்த இங்கிலீஷ். 'டேக்'தான் சரி. பிள்ளைகளிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு வணக்கம். ஆனால் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். கனடாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பரீட்சையை 'ரைட்'தான் செய்கிறார்கள். அவர்கள் எல்லோரும் தமிழ் படித்தவர்கள் இல்லையே.

சேரன்மகாதேவி: அப்போ டெல்லிக்காரர்கள் சொல்கிற 'கிவ் அன் எக்ஸாம்'?

அது இந்தியிலிருந்து வருவது. அங்கே மாணவன் பரீட்சை கொடுக்கிறான், ஆசிரியர் வாங்குகிறார். ஆங்கிலத்தில் தலைகீழ்: ஆசிரியர் 'கிவ்', மாணவன் 'டேக்'. வெளிநாட்டில் 'கிவ்' என்று சொன்னால் உங்களை வாத்தியார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

களக்காடு, மீண்டும்: கனடா கிடக்கட்டும். லண்டனுக்கு விண்ணப்பம் எழுதுகிற பிள்ளை என்ன செய்யும்?

லண்டனுக்கு 'சிட்' அல்லது 'டேக்' எழுதட்டும், அதில் உங்கள் பக்கம்தான் நான். 'ரைட்' எழுதிய பிள்ளைக்கு மார்க் குறைக்காதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

வள்ளியூர், கல்லூரி விரிவுரையாளர்: அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு 'ஐ டுக் கிளாசஸ் ஃபார் டூ இயர்ஸ்' என்று எழுதலாமா?

உடனே மாற்றுங்கள்! பிரிட்டனில் வாத்தியாரும் 'டேக் எ கிளாஸ்' சொல்லலாம். அமெரிக்காவில் அது படித்ததாகத்தான் படும். இரண்டு வருட வேலை அனுபவம் காணாமல் போகும். பாடம் நடத்தினேன் என்பதற்கு 'டாட்' என்று எழுதுங்கள்.

கடையம்: 'டேக் ஆஃப்டர்' என்றால்?

'அப்பாவை அப்படியே உரிச்சு வச்சிருக்கான்' என்கிறோமே, அது. குணத்துக்கும் சொல்லலாம்.

திசையன்விளை: 'மாத்திரை சாப்பிட்டேன்' என்பதற்கு 'ஈட்' போடலாமா?

கூடாது. மருந்துக்கு 'டேக்'.

ராதாபுரம்: நல்ல ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு ஒன்று சொல்லுங்கள்.

அது எனக்கு வெளி விஷயம். நூலகத்துக்குப் போய் ஒரு நல்ல அகராதியைக் கேட்டு உட்காருங்கள்.

பேட்டை: 'முயற்சி எடுத்தேன்', 'டேக் எஃபர்ட்' சரிதானே?

முதல் பதிலைப் படித்தீர்களா? 'எடு' வந்த இடத்தில் எல்லாம் 'டேக்' போடாதீர்கள். 'மேக் அன் எஃபர்ட்'.

ஏர்வாடி, பத்தாம் வகுப்பு மாணவன்: சார், இங்கிலீஷில் 90 மார்க் எடுத்தேன். 'ஐ டுக் நைன்ட்டி மார்க்ஸ்' சரியா?

'ஐ காட் நைன்ட்டி', தம்பி. வாழ்த்துகள்.