துண்டுதானே என்கிறீர்களா?

கேள்வி: என் மகன் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட அரபுத் துண்டு ஒன்றை ஆன்லைனில் 300 ரூபாய்க்கு வாங்கி, கழுத்தில் சுற்றிக்கொண்டு பைக்கில் போகிறான். நண்பர் ஒருவர், "அது தீவிரவாதிகள் போடுவது, கழற்றச் சொல்லுங்கள்" என்கிறார். மகனைக் கேட்டால், "சும்மா ஸ்டைலுக்குப்பா" என்கிறான். எனக்கும் அது வெறும் துணியாகத்தான் தெரிகிறது. துணியில் என்ன அரசியல்? போடலாமா, கூடாதா?
— வாசகர், ஈரோடு

பதில்: போடலாம். தாராளமாகப் போடலாம். ஆனால் உங்கள் நண்பர் சொன்னதும் தவறு, மகன் சொன்னதும் தவறு. எனக்கு அதிகம் வருத்தம் தந்தது நீங்கள் கேட்டதுதான். ஈரோட்டில் இருந்துகொண்டு துணியில் என்ன அரசியல் என்று கேட்கலாமா?

கொங்குப் பக்கம் ஒருவர் தோளில் பச்சைத் துண்டோடு வந்தால், விவசாயச் சங்கத்துக்காரர் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். வேட்டிக் கரையைப் பார்த்தே எந்தக் கட்சி என்று சொல்லிவிடுகிற மக்கள் நாம். இன்னும் கொஞ்சம் பின்னால் போங்கள். மேல்சாதிக்காரர் எதிரே வந்தால், தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும் என்றிருந்த ஊர்கள் இங்கே எத்தனை! அந்தத் துண்டை எடுக்க மாட்டேன் என்று நின்றதற்காக அடி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய், 'வெறும் துணிதானே' என்று உங்களால் சொல்ல முடியுமா?

மகனின் கழுத்தில் கிடக்கும் துண்டுக்குப் பெயர் கெஃபியா. பாலஸ்தீனர்கள் ஹத்தா என்றும் சொல்வார்கள். வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு வருகிற நம் ஆட்கள் கொண்டுவருவது பெரும்பாலும் சிவப்புக் கட்டம் போட்டது, ஷெமாக். கறுப்பு வெள்ளை என்றால் உலகம் முழுக்கப் பாலஸ்தீனம் என்றே படிப்பார்கள். சதுரமான பருத்தித் துணி. மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்கித் தலையில் போட்டு, அது நழுவாமல் இருக்க இகால் என்கிற கறுப்புக் கயிற்று வளையத்தை மேலே வைப்பார்கள். வயலில் நிற்பவனுக்கும் ஆடு மேய்ப்பவனுக்கும் வெயில், மணல், குளிர் எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். நம் ஊர் உழவர் தலையில் கட்டும் துண்டு என்னென்ன செய்யுமோ, அத்தனையும் செய்யும்.

அந்தக் காலத்தில் பாலஸ்தீன நகரங்களில் இதைப் போட மாட்டார்கள். வக்கீல், குமாஸ்தா, வியாபாரி எல்லாருக்கும் தர்பூஷ்தான். குஞ்சம் தொங்குமே, அந்தச் சிவப்புத் தொப்பி. கெஃபியா போட்டவன் பட்டிக்காட்டான். 1936-ல் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துக் கிளர்ச்சி வெடித்தது. 1939 வரை நீடித்த அந்தக் கிளர்ச்சியில் மலைகளில் நின்று சண்டை போட்டவர்களில் பெரும்பாலோர் இந்தப் பட்டிக்காட்டு விவசாயிகள்தான். முகத்தை மறைத்ததும் இதே துண்டுதான். இவர்கள் ஊருக்குள் வந்தால், தர்பூஷ் கூட்டத்தின் நடுவே தலைத்துணி காட்டிக்கொடுத்துவிடும். 1938-ல் கிளர்ச்சித் தலைமை ஓர் உத்தரவு போட்டது: ஆண்கள் எல்லாரும் தர்பூஷைக் கழற்றிவிட்டுக் கெஃபியா போட வேண்டும். படித்தவர், பணக்காரர், முஸ்லிம், கிறிஸ்தவர் என்று நகரமே தலைத்துணியை மாற்றிக்கொண்டது. அப்புறம் யார் கிளர்ச்சிக்காரர், யார் கடைக்காரர் என்று பிரிட்டிஷ் சிப்பாய் எப்படிக் கண்டுபிடிப்பான்? மிரட்டலுக்குப் பயந்து மாற்றியவர்களும் இருந்தார்கள், கிளர்ச்சி ஓய்ந்ததும் பழையபடி தர்பூஷுக்குப் போனவர்களும் உண்டு. இருந்தாலும், குடியானவனின் தலைத்துணி ஒரு தேசத்தின் அடையாளமானது அங்கேதான். இந்த ஒரு சம்பவத்தை உங்கள் மகன் தெரிந்துகொண்டால் எனக்குப் போதும்.

இப்போது நண்பர் சொன்னதற்கு வருகிறேன். அது வானத்திலிருந்து குதித்த சந்தேகம் இல்லை. 1969-ல் விமானக் கடத்தலில் ஈடுபட்ட பாலஸ்தீனப் பெண் லைலா காலித், தலையில் கெஃபியாவும் கையில் துப்பாக்கியுமாக நிற்கும் புகைப்படம் உலகமெல்லாம் சுற்றியது. நண்பரின் மனதில் பதிந்தது அப்படி ஒரு படமாக இருக்கலாம். அந்தக் கடத்தலை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் 1974-ல் பாலஸ்தீனத் தலைவர் யாசர் அராஃபத் ஐ.நா. பொதுச்சபையில் பேசியதும் இதே கெஃபியாவோடுதான். அவர் அதன் ஒரு நுனியை வலது தோளில் நீளமாகத் தொங்கவிடுவார், பாலஸ்தீன வரைபடத்தின் சாயலில். அதே ஆண்டில் அவர் தலைமை தாங்கிய பாலஸ்தீன விடுதலை இயக்கத்தை அந்த மக்களின் பிரதிநிதி என்று அங்கீகரித்த நாடு இந்தியா. அரபு நாடுகளுக்கு வெளியே நாம்தான் முதல். துப்பாக்கி எடுத்தவரும் போட்டார், ஏர் பிடித்தவரும் போட்டார், இன்றைக்கு ஆலிவ் பறிக்கப் போகும் கிழவரும் போடுகிறார். அத்தனை பேருக்கும் சேர்த்துத் தீவிரவாதி என்று பட்டம் கட்டுவது அநியாயம்.

அப்படிக் கட்டிய பட்டத்துக்கு மனிதர்கள் விலை கொடுக்கிறார்கள். 2023 நவம்பரில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் பர்லிங்டன் நகரில், பாலஸ்தீன வம்சாவளி மாணவர்கள் மூன்று பேர் தெருவில் நடந்து போகும்போது சுடப்பட்டார்கள். மூவருக்கும் 20 வயது, கிட்டத்தட்ட உங்கள் மகன் வயதுதான். இரண்டு பேர் கெஃபியா போட்டிருந்தார்கள். ஒரு பையனுக்கு மார்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. மறு ஆண்டு, நியூயார்க்கின் நொகுச்சி அருங்காட்சியகம் ஊழியர்கள் இதை அணியக் கூடாது என்று சொல்லி, கேட்காத மூன்று பேரை வேலையை விட்டு நீக்கியது. அந்த அருங்காட்சியகம் தரவிருந்த விருதை எழுத்தாளர் ஜும்பா லாஹிரி வேண்டாம் என்றார். அது யார் பெயரில் இருக்கிறதோ அந்தச் சிற்பி இசாமு நொகுச்சி, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்கா முகாம்களில் அடைத்தபோது, தானாகவே ஒரு முகாமுக்குள் போய் அவர்களோடு இருந்தவர். அவர் பெயரில் உள்ள இடத்தில் இது நடந்ததை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

சரி, மகனின் 'ஸ்டைலுக்கு'. அவன் மேல் எனக்குக் கோபமில்லை. பெரிய பெரிய கம்பெனிகள் செய்ததைத்தான் அவனும் தெரியாமல் செய்கிறான். 2007-ல் அமெரிக்காவின் அர்பன் அவுட்ஃபிட்டர்ஸ் கடைகள் இதைப் 'போர் எதிர்ப்புத் துண்டு' என்று பெயர் மாற்றி விற்றன. எதிர்ப்பு வந்ததும் எடுத்துவிட்டன. 2021-ல் பிரான்ஸின் ஆடம்பர நிறுவனம் லூயி வுய்த்தான் நீலமும் வெள்ளையுமாக, தன் முத்திரையைப் போட்டு, 705 டாலருக்கு ஒன்றை விற்பனைக்கு வைத்தது. அந்த ஆண்டு மே மாதத்தில்தான் காஸாவில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. எதிர்ப்புக்குப் பிறகு அதுவும் மறைந்தது. விவசாயியின் துண்டை எடுத்து, அவன் பெயரை அழித்துவிட்டு, அவன் வாங்கவே முடியாத விலை வைப்பதை நான் திருட்டு என்றுதான் சொல்வேன்.

நீங்கள் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர், அதனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். பாலஸ்தீனத்தின் மேற்குக் கரைப் பகுதியில் ஹெப்ரான் என்று ஓர் ஊர். அங்கே 1961-ல் யாசர் ஹிர்பாவி என்பவர் ஜப்பானிலிருந்து சுசுகி தறிகளை வரவழைத்துக் கெஃபியா நெய்யத் தொடங்கினார். (உங்கள் மகன் ஓட்டுவது சுசுகி பைக்காகக்கூட இருக்கலாம், அந்தக் கம்பெனி முதலில் தறிதான் செய்தது.) 1990-களில் இஸ்ரேலும் பாலஸ்தீனர்களும் செய்துகொண்ட ஆஸ்லோ ஒப்பந்தத்துக்குப் பிறகு சந்தை திறந்தது. சீனாவிலிருந்து மலிவுத் துண்டுகள் வந்து குவிந்தன. ஹெப்ரான் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. பாலஸ்தீன அடையாளத்தைப் பாலஸ்தீனர்களே சீனச் சரக்காக வாங்கும் நிலை. விசைத்தறிக்காரர்களிடம் பேசிப் பழகிய உங்களுக்கு அந்த வலி புரியும். வெளிநாட்டு ஆதரவாளர்கள் தேடி வந்து வாங்கத் தொடங்கிய பிறகுதான் அந்தத் தறிகளுக்கு மறுபடி உயிர் வந்தது. ஹிர்பாவி 2018-ல் காலமானார். பிள்ளைகள் நடத்துகிறார்கள். 2023-ல் காஸா போர் தொடங்கிய பிறகு நெய்து மாளாத அளவுக்கு ஆர்டர் வந்தது.

நெய்த கெஃபியா ஒன்று என்னிடம் இருக்கிறது, ஜோர்டான் போய்வந்த நண்பர் கொடுத்தது. நடுவில் வலைப்பின்னல் போன்ற கட்டம், ஓரத்தில் இலை வரிசை, இடையில் பட்டையான கோடுகள். வலை என்றால் மீனவரின் வலை, இலை என்றால் ஆலிவ், கோடு என்றால் வணிகப் பாதை என்று இன்றைய பாலஸ்தீன இளைஞர்கள் பொருள் சொல்கிறார்கள். விரலால் தடவினால் கறுப்பு நூல் மேலெழுந்து தட்டுப்படும். அச்சடித்த துணியில் அது இருக்காது.

மகனிடம் கழற்று என்று சொல்லாதீர்கள். 'இது யாருடைய துண்டு தெரியுமா?' என்று கேளுங்கள். தெரியாவிட்டால் இந்தப் பக்கத்தைப் படிக்கக் கொடுங்கள். கல்லூரியில் ஒருவன், 'என்னடா இது?' என்று கேட்டால், 1938-ல் ஒரு நகரமே தொப்பியைக் கழற்றிய கதையைச் சொல்லட்டும். 2025 ஏப்ரலில் மதுரையில் நடந்த மார்க்சிஸ்ட் கட்சி மாநாட்டில் பிரதிநிதிகள் கெஃபியா போட்டுக்கொண்டு காஸாவுக்காக நின்றார்கள். அவர்கள் கட்சி எனக்கு ஒத்துவருமா என்பது வேறு கதை, எதற்குப் போட்டோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. படித்த பிறகும் 'எனக்கு அதெல்லாம் வேண்டாம், கட்டம் போட்டது பிடிக்கும், அவ்வளவுதான்' என்று உங்கள் மகன் சொன்னால், சென்னிமலையில் நல்ல கட்டம் போட்ட துண்டு கிடைக்கும், அதை வாங்கிக் கொடுங்கள். போடுவேன் என்று சொன்னால், அடுத்ததை ஹெப்ரான் தறியில் நெய்ததாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். 300 ரூபாய்க்குக் கிடைக்காது. மீதியை நீங்கள் போடுங்கள்.