கோர்ட்டா, சர்ச்சா?

கேள்வி: ஓவல் மைதானம் பக்கம் போகும்போதெல்லாம் மும்பை ஹைகோர்ட்டைப் பார்த்து, "அப்பா, இது சர்ச்சா?" என்கிறான் என் மகன். கோர்ட்டை ஏன் இப்படிக் கட்டினார்கள்?
– மாட்டுங்கா வாசகர்

பதில்: பையன் கேட்டதில் தப்பே இல்லை. அது கோதிக் பாணி, அதாவது ஐரோப்பாவின் பழைய தேவாலயங்களைக் கட்டிய பாணி. அப்போது இங்கிலாந்தில் தேவாலயம், கல்லூரி, ரயில் நிலையம் என்று எதைக் கட்டினாலும் கூர் வளைவும் கோபுரமும்தான், அந்த மோகத்தை அப்படியே இங்கேயும் இறக்கிவிட்டார்கள். கர்னல் ஃபுல்லர் என்ற பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் வரைபடம் போட்டார். 1871இல் தொடங்கி 1878இல் முடித்தார்கள். ஆனால் நம்ம ஊர் வெயிலும் மழையும் லண்டன் மாதிரியா? அதனால் நீள நீளமாக வராந்தா வைத்தார்கள், எனக்கு அந்தக் கட்டடத்தில் பிடித்ததே அதுதான். உச்சியில் நீதிக்கும் கருணைக்கும் ஆளுக்கொரு சிலை.

மகனுக்கு ஒரு விஷயம் சொல்லுங்கள். உள்ளே தூண் சிற்பங்களில் ஒரு குரங்கு நீதிபதி உண்டு, கையில் தராசு, ஒரு கண்ணில் மட்டும் கட்டு! யாரோ ஒரு கான்ட்ராக்டர் கேஸில் தோற்ற கடுப்பில் செதுக்க வைத்தார் என்று கதை சொல்வார்கள். நம்புவது உங்கள் இஷ்டம். அப்புறம், வக்கீல் கழுத்துப்பட்டை கட்டிய நரியும் அங்கேதான் இருக்கிறது.