குழந்தை எஸ்.என்.சி.யூ-வில் (பச்சிளம் குழந்தைகளுக்கான சிறப்புப் பராமரிப்புப் பிரிவில்) இருக்கிறது, வெளியே நிற்கும் நாங்கள் என்ன செய்யலாம்?

32 வாரத்தில் ஒன்றரைக் கிலோ எடையோடு பிறந்த குழந்தை, நான்கு நாளாக உள்ளே இருக்கிறது, எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. என் மகள் 31 வாரத்தில் 1,380 கிராமோடு ஓர் அரசு மருத்துவமனையில் பிறந்தாள். அந்தக் கதவுக்கு வெளியே 26 நாள் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் எடை. தினமும் கேட்பீர்கள், குறைந்துகொண்டே போகும், வயிற்றைக் கலக்கும். எங்களவள் 1,250 வரை இறங்கினாள். பிறந்த முதல் வாரத்தில் எல்லாக் குழந்தைகளுமே இளைக்கும், குறைமாதக் குழந்தை இன்னும் கொஞ்சம் கூடுதலாக இளைக்கும். பிறந்த எடைக்குத் திரும்பவே இரண்டு வாரம் பிடிக்கலாம். அதற்கப்புறம் நாளுக்கு 20 கிராம் ஏறினாலே சிஸ்டர் முகத்தில் சிரிப்பு வந்துவிடும்.

இன்னொன்று, இவ்வளவு சின்னக் குழந்தைகள் நடுவில் மூச்சு விட மறந்துவிடும். அதற்குக் கொடுக்கிற மருந்து காஃபின், நம் காபியில் இருக்கும் அதே சரக்கு. கும்பகோணத்துக்காரியான என் மாமியார் அந்த இருபத்தாறு நாளில் சிரித்தது இதைக் கேட்டபோது மட்டும்தான்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியதற்கு வருகிறேன். பெரிய வேலை பால். குழந்தை உறிஞ்சாது, ஆனால் தாய்ப்பால்தான் வேண்டும். முதல் நாட்களில் குழாய் வழியாக ஒரு வேளைக்கு 2 மில்லி கொடுத்தார்கள். அந்த 2 மில்லியைப் பீய்ச்சி எடுக்க என் மனைவி ஆபரேஷன் தையலோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். "பாலே வரலையே" என்று அழுதாள். இரண்டு மூன்று மணிக்கொரு தடவை, ராத்திரியிலும் விடாமல் எடுத்தால்தான் சுரக்கும். கிண்ணத்தைக் கொதிக்க வைப்பது, கொண்டு போய்க் கொடுப்பது, அவளைச் சாப்பிட வைப்பது, இந்த மூன்றும் என் வேலை. அப்புறம் பாலாடையில் புகட்டக் கற்றுக் கொடுத்தார்கள். நடுவில் என் அம்மா சேனை வைக்க வேண்டுமென்று தேன் பாட்டிலோடு வந்து நின்றார். ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது. அம்மாவிடம் நான் சொன்னபோது எடுபடவில்லை, சிஸ்டர் அதட்டியதும் பாட்டில் பைக்குள் போய்விட்டது.

பணம்? அரசு மருத்துவமனை என்றால் பிறந்த குழந்தையின் சிகிச்சை, மருந்து, டெஸ்ட் எல்லாமே இலவசம். 2011-லிருந்து இதற்கு மத்திய அரசுத் திட்டமே இருக்கிறது. இருந்தும் கதவருகே ஒருவர், பாப்பாவைக் காட்ட 300 ரூபாய் கேட்டார். கொடுத்தேன். அப்போது கேட்டிருந்தால் சட்டையையும் கழட்டிக் கொடுத்திருப்பேன்.

சட்டையைக் கழட்டச் சொன்னது வேறொருவர். ஒன்பதாம் நாள் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "பாப்பா அப்பா, பனியனைக் கழட்டிட்டு உட்காருங்க" என்றார். அம்மாக்கள்தான் செய்வார்கள் என்று நினைத்திருந்தேன். கங்காரு முறை. வெறும் மார்பில் குழந்தையை நிமிர்த்திப் படுக்க வைத்துத் துணியால் கட்டிவிடுகிறார்கள். 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில், இன்குபேட்டர் போதாமல் திண்டாடிய ஆஸ்பத்திரியில் எட்கர் ரே சனப்ரியா என்ற டாக்டர் தொடங்கி வைத்தது. இன்று இது ஏழைக்கான மாற்று வழி இல்லை. நாளுக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமல், பிறந்ததிலிருந்தே கூடிய சீக்கிரம் தொடங்குங்கள் என்று 2022-ல் உலக சுகாதார நிறுவனம் எல்லா நாடுகளுக்கும் சொல்லியிருக்கிறது. நான்காம் நாள் என்கிறீர்களே, எங்களுக்கு எப்போது தருவீர்கள் என்று இன்றே கேளுங்கள். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, மோதிரம், வாட்ச் எல்லாம் கழட்டிவிட்டுப் போங்கள். முதல் பத்து நிமிடம் எனக்குக் கை நடுங்கியது. அப்புறம் அவள் தூங்கிவிட்டாள், நானும்தான். சிஸ்டர் தட்டி எழுப்பினார்.

கடைசியாக, நான் கோட்டைவிடப் பார்த்தது. 26-ஆம் நாள் 1,640 கிராமோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். சீட்டில் கண் பரிசோதனை என்று ஒரு தேதி. கண்தான் நன்றாக இருக்கிறதே, இந்த வெயிலில் எதற்கு பஸ் ஏற வேண்டும் என்று விட்டுவிட இருந்தேன். மனைவி விடவில்லை. குறைமாதத்தில் பிறந்தால் விழித்திரையின் ரத்தக் குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது. வெளியே வந்தபின் தாறுமாறாக வளர்ந்தால் பார்வையே போகலாம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்த்தால்தான் தெரியும். நேரத்தோடு கண்டுபிடித்தால் லேசரில் சரிசெய்ய வழி உண்டு. 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்குப் பிறந்த 30 நாளுக்குள் முதல் பரிசோதனை நடந்தாக வேண்டும். எங்களவளுக்கு முதல் தடவை, இன்னும் வளரவில்லை, இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்றார்கள். மூன்று தடவை போனோம். மூன்றாவது தடவைதான் போதும் என்றார்கள்.

உங்கள் குழந்தைக்கு முப்பதாம் நாள் எந்தத் தேதியில் வருகிறது என்று இப்போதே எண்ணி ஃபோனில் அலாரம் வைத்துவிடுங்கள். டிஸ்சார்ஜ் அன்று இருக்கிற சந்தோஷத்தில் அந்தச் சீட்டை யாரும் படிப்பதில்லை.