துக்கம் தசையுறையில் தங்குமா?

கேள்வி: 2017 ஓகிப் புயலில் கடலுக்குப் போன என் அண்ணன் திரும்பவில்லை. நவம்பர் கடைசியானால் எனக்குக் கழுத்தும் தோளும் கல்லாக இறுகிவிடும். ஸ்கேனில் கோளாறில்லை. உழிச்சல் (மசாஜ்) செய்தபோது அடக்க முடியாமல் அழுதுவிட்டேன். சதையைச் சுற்றிய சவ்வில் துக்கம் தங்கியிருக்கிறது, அழுத்திப் பிழிந்தால் போய்விடும் என்கிறார்கள். உண்மையா?
– வாசகி, தூத்தூர்

பதில்: உங்கள் வலி நிஜம். ஸ்கேனில் தெரியாததால் அது பொய்யாகிவிடாது. ஆனால் துக்கம் சவ்வுக்குள் தங்குகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. நினைவைச் சேமிப்பது மூளைதான்.

ஃபேசியா எனப்படும் அந்தத் தசையுறை கொலாஜன் இழைகளால் ஆனது. அடுக்குகளுக்கு நடுவே ஹயலுரானிக் அமிலம் இருப்பதால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நகரும். அந்தத் தேதி நெருங்கும்போது மூளை மறுபடி ஆபத்தை உணர்கிறது. நீங்கள் அறியாமலே தோளைத் தூக்கி, மேல்மூச்சு விடுகிறீர்கள். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருந்து மூச்சிழுக்கும் தசையான உதரவிதானத்தின் வேலை கழுத்துத் தசைகள்மேல் விழுகிறது. அசைவு குறைந்த இடத்தில் அந்த அமிலம் கெட்டிப்பட்டு வழுக்கல் குறைகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தசையுறையில் நரம்பு முனைகள் ஏராளம். அதனால்தான் லேசாகத் திரும்பினாலும் சுரீரென்கிறது.

தொடுகையில் உடல் தளரும்போது அடக்கியது வெளியே வருவது இயல்பு, வெட்கப்பட வேண்டாம். ஆனால் அழுகை வரும்வரை அழுத்தச் சொல்லாதீர்கள், தசை இன்னும் இறுகிக் கன்றிப்போகும். கழுத்தின் முன்பக்கத்தை அழுத்துவதும், வெடுக்கெனத் திருப்பிச் சொடக்கெடுப்பதும் கூடவே கூடாது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்துவிடலாம்.

மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, வயிற்றில் கை வையுங்கள். மூக்கால் 4 எண்ணும்வரை இழுத்து, 6 எண்ணும்வரை விடுங்கள். காலை, இரவு 5 நிமிடம். தலைசுற்றினால் அளவுக்கு மீறி இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். பிறகு 15 நிமிடம் வெந்நீர் ஒத்தடம். நாற்காலியில் உட்கார்ந்து, வலது கையால் இருக்கையின் ஓரத்தைப் பிடித்து, தலையை இடப்பக்கம் சாயுங்கள். 30 விநாடி, பக்கத்துக்கு 3 முறை. கையில் மரமரப்பு வந்தால் நிறுத்துங்கள். அக்டோபரிலேயே தொடங்கினால் நல்லது.

கெட்ட கனவு, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடல், கடற்கரைப் பக்கமே போக முடியாமை இருந்தால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவைப் பாருங்கள். அதிர்ச்சி நினைவைக் கையாளும் பேச்சு சிகிச்சைக்கு நல்ல பலன் உண்டு. 14416-இல் டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி மையத்துடன் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். கை பலவீனம், காய்ச்சல், எடை குறைவு இருந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். தோள்வலியோடு நெஞ்சு அடைத்து வியர்த்தால் ஒத்தடம் கொடுத்துக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.