நெஞ்சில் அடைக்கும் சப்பாத்தியும் வாராந்திர ஊசியும்

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறோம். என் 19 வயது மகனுக்குச் சப்பாத்தியோ கறியோ சாப்பிட்டால் நெஞ்சில் அடைக்கிறது. கோவையில் எண்டோஸ்கோப்பி பார்த்து 'இயோசினோஃபிலிக் ஈசோஃபஜைட்டிஸ்', அதாவது உணவுக்குழாயில் ஒவ்வாமையால் வரும் வீக்கம், என்றார்கள். அமிலம் குறைக்கும் மாத்திரை, ஸ்டீராய்டு இரண்டுக்கும் அடங்கவில்லை. இப்போது வாரம் ஒரு டுபிலுமாப் ஊசி என்கிறார்கள். ஒவ்வொரு வாரமும் மலை இறங்க வேண்டுமா? கரண்ட் போனால் ஊசி கெட்டுவிடுமா?

பதில்: இறங்க வேண்டாம். மருத்துவமனையில் ஒருமுறை போடக் கற்றுக்கொண்டால் அப்புறம் வீட்டிலேயே போடலாம். தொடையிலோ, தொப்புளைச் சுற்றி 5 செ.மீ. விட்டு வயிற்றிலோ, தோலுக்கு அடியில்.

கரண்ட் பற்றியும் பயம் வேண்டாம். ஊசியை 2 முதல் 8 டிகிரியில் ப்ரிட்ஜில் வைக்க வேண்டும். ஆனால் 25 டிகிரியைத் தாண்டாத இடத்தில், அட்டைப்பெட்டிக்குள், 14 நாள் வரை வெளியே இருக்கலாம். எடுத்த தேதியைப் பெட்டியில் எழுதிவிடுங்கள். உண்மையான ஆபத்து வாங்கி வரும் வழியில்தான்: மேட்டுப்பாளையம் வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தால் போயிற்று. ஐஸ் கட்டி நேராக ஒட்டி ஊசி உறைந்தாலும் அதைப் போடக்கூடாது.

ஊசிக்கு முன் ஒன்றைக் கேட்கிறேன். ஸ்டீராய்டை எப்படி எடுத்தார்? ஆஸ்துமா பஃப் என்றால் உள்ளிழுக்காமல் வாயில் அடித்து விழுங்க வேண்டும். அதன்பின் அரைமணி நேரம் தண்ணீர்கூடக் கூடாது. நம்மூர்க் குளிருக்கு, மருந்து விழுங்கிய கையோடு சூடாக ஒரு டீ குடிப்பவர்கள் நிறைய. மருந்து உணவுக்குழாயில் தங்காமல் வயிற்றுக்குப் போய்விடும். இந்த ஒவ்வாமையை அதிகம் தூண்டும் உணவும் பால்தான். பால் நிறுத்திப் பார்த்தீர்களா என்றும் டாக்டர் கேட்பார்.

எல்லாம் சரியாகச் செய்தும் அடங்கவில்லையா? ஊசி நியாயமான அடுத்த படிதான். வீக்கத்தைத் தூண்டும் இன்டர்லூக்கின் 4, 13 என்ற இரு சமிக்ஞைகளை அது தடுக்கிறது. அமெரிக்காவில் 2022-ல் இந்நோய்க்கு அனுமதி கிடைத்தது. 24 வார ஆய்வில் ஏறத்தாழ 10 பேரில் 6 பேருக்குத் உணவுக்குழாய்த் திசுவில் இயோசினோஃபில் என்ற ஒவ்வாமை வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்தன. விலை அதிகம், காப்பீட்டில் வருமா என்று முதலிலேயே கேளுங்கள். குடல்புழு இருந்தால் முன்பே சரிசெய்ய வேண்டும். ஊசி போட்ட இடம் சிவக்கலாம், கண் சிவந்து உறுத்தினால் சொல்லுங்கள்.

அடைப்பு குறைந்ததை மட்டும் நம்பாதீர்கள். மென்று மென்று தண்ணீரோடு இறக்கப் பழகிவிடுவார்கள். மறுபடி எண்டோஸ்கோப்பி, பயாப்சி (திசுவைக் கிள்ளி எடுத்துச் சோதிப்பது) பார்த்தால்தான் தெரியும்.

உணவு சிக்கி எச்சில்கூட இறங்கவில்லையென்றால், ராத்திரியானாலும் விடியக் காத்திருக்காமல், எண்டோஸ்கோப்பி வசதியுள்ள மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.