மார்பகப் புற்றுநோய்: நல்ல சிகிச்சை தரும் மருத்துவமனையை எதை வைத்து அறிவது?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 54. இடது மார்பில் இருந்த கட்டியை ஊசி மூலம் பயாப்ஸி எடுத்து, புற்றுநோய் என்று உறுதிசெய்துவிட்டார்கள். உறவினர்கள் இரண்டு மருத்துவமனைகளைச் சொல்கிறார்கள். ஒன்றில், தங்களிடம் குணமடைபவர்கள் மிக அதிகம் என்கிறார்கள். அதை நம்பி முடிவெடுக்கலாமா?

பதில்: குணமடைந்தோர் கணக்கை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். ஆரம்ப நிலையில் வருபவர்கள் அதிகமுள்ள மருத்துவமனையில், சிகிச்சை சுமாராக இருந்தாலும் அந்தக் கணக்கு உயர்ந்தே தெரியும். நோய் முற்றி வருபவர்களையும் திருப்பி அனுப்பாமல் சேர்த்துக்கொள்ளும் மருத்துவமனையின் கணக்கு தாழ்ந்து தெரியும். பாதியில் வராமல் போனவர்களின் கதி என்ன என்று தேடிப் பார்க்காத இடத்தில் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை.

அதனால்தான் இத்துறையினர் சிகிச்சையின் ஒவ்வொரு படியையும் தனித்தனியே அளக்கிறார்கள். ஐரோப்பிய மார்பகப் புற்றுநோய் நிபுணர்களின் சங்கமான யூசோமா 2017இல் வெளியிட்ட அளவுகோல்களின்படி, குறைந்தது 85 சதவீத நோயாளிகளுக்கு அறுவை சிகிச்சைக்கு முன்பே பரிசோதனையில் நோய் உறுதியாகியிருக்க வேண்டும். குறைந்தது 90 சதவீதத்தினரின் சிகிச்சையை அறுவை, மருந்து, கதிர்வீச்சு, நோய்க்குறியியல் (திசுவைப் பரிசோதிக்கும் துறை) நிபுணர்கள் கூடிப் பேசி முடிவுசெய்திருக்க வேண்டும். ஆண்டுக்கு 150 புதிய நோயாளிகளாவது வரும் மையத்தையே அவர்கள் சிறப்பு மையமாகக் கருதுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு, நோயாளி முதன்முதலில் மருத்துவரிடம் வந்த 60 நாட்களுக்குள் நோயைக் கண்டறிந்துவிட வேண்டும், 80 சதவீதத்தினராவது சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும் என்பது.

இந்தக் கடைசி அளவுகோலே நம் ஊர்களில் மிக முக்கியமானது என்பது என் கருத்து. மார்பகத்தை அகற்றாமல் கட்டியை மட்டும் எடுத்தால், பெரும்பாலும் கதிர்வீச்சும் தேவை; அதற்குச் சில வாரங்கள், வாரத்தில் ஐந்து நாள் போய்வர வேண்டும். ஹார்மோனால் வளரும் வகைப் புற்றுநோய் என்றால், அந்த ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரையை ஐந்து ஆண்டுகளாவது சாப்பிட வேண்டும். போக்குவரத்தாலும் செலவாலும் பலர் இடையில் நின்றுவிடுகிறார்கள். ஆகவே, வராதவர்களைத் தொலைபேசியில் அழைத்து விசாரிக்கும் பழக்கம் அங்கே உண்டா என்று கேளுங்கள். இதைக் கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. தரமான இடத்தில் தயங்காமல் பதில் சொல்வார்கள்.

அம்மாவின் பயாப்ஸி அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஏற்பிகள் (புற்றுச் செல்லில் இந்த ஹார்மோன்களைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள்), ஹெர்-2 (செல் வளர்ச்சியைத் தூண்டும் ஒரு புரதம்) ஆகிய மூன்றின் முடிவும் அதில் இருக்க வேண்டும். எந்த மருந்து பலன் தரும் என்பதை இவையே காட்டும். ஹெர்-2 முடிவு ‘2+’ என்றிருந்தால் அது தெளிவற்ற முடிவு. பொதுவாக ‘ஃபிஷ்’ என்ற மரபணுப் பரிசோதனையும் செய்தால்தான் உறுதியாகும். இவை இல்லாமலே அறுவைக்குத் தேதி கொடுத்தால், காரணம் கேளுங்கள். பரிசோதனைக் கூடத்திலிருந்து பயாப்ஸி திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு வில்லையைப் பெற்று, விடுபட்டவற்றை வேறிடத்திலும் செய்துகொள்ளலாம். அம்மாவுக்கு மறுபடி ஊசி போட வேண்டிய தேவை பெரும்பாலும் இராது.